பேசக்கூடாத தாத்தா

ஐம்பதைத் தொடப்போகிற ஒரு ஆள், ஊரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறவன், பட்டப்பகலில் கிறிஸ்மஸ் தாத்தா வேஷத்தோடு தங்கை வீட்டுத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்து, “யாராவது வாருங்களேன்” என்று கூப்பிட்டதை வெளியே சொல்லக்கூடாதுதான். ஆனால் நான் சொல்லாவிட்டால் தங்கையின் வீட்டுக்காரர், என் மச்சான், சொல்லிவிடுவார். அவர் சொல்கிற கதையில் ஒரு கோழியும் வரும். உண்மையில் கோழி எதுவும் கிடையாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தங்கைக்கு ஒரே மகள். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆடி மாதம் அவளும் அவள் அப்பாவும் ஆரல்வாய்மொழியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே அந்த மாதத்துக் காற்று காற்றாலைக்கு நல்லது, ஸ்கூட்டருக்கு நல்லதல்ல. ஒரு லாரி உரசுகிற மாதிரிக் கடந்துபோக, காற்றும் சேர்ந்து தள்ள, இரண்டு பேரும் ரோட்டில் கிடந்தார்கள். மச்சானுக்குக் காலில் கம்பி வைத்தார்கள். அவளுக்கு நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் தையல்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பார்க்க ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள். அதுதான் தொல்லையாகப் போயிற்று. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து வைத்தார்கள், ஜெபித்தார்கள், எழுந்து போகும்போது அவள் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். சபையில் எல்லா வீட்டுக் காரியத்துக்கும் முதலில் வந்து நிற்கிற ஒரு மாமி, “பொம்பளப் பிள்ளையில்லா, அடி மொகத்திலயா விழணும்” என்று சொல்லி அழுதார். அன்று சாயங்காலம் அவள் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு திறந்ததெல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்கும் குளியலறைக்கும்தான். ரோட்டில் பைக் சத்தம் கேட்டால் தலையணையைக் காதில் வைத்து அமுக்கிக்கொள்வாள். தோழிகளின் போனை எடுப்பதில்லை. கண்ணாடியைத் துணியால் மூடி வைத்திருக்கிறாள் என்று தங்கை சொன்னாள்.

தங்கை அழுதாள். மச்சான் ஜெபித்தார். நான் ஜோக் சொன்னேன். மூன்றில் எது அதிகத் தொந்தரவு என்று யாரும் பிள்ளையிடம் கேட்கவில்லை. கடை அடைத்ததும் நேரே அங்கே போய், சாத்திய கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைக்கு வந்தவர்கள் மாதிரியெல்லாம் பேசிக் காட்டுவேன். கதவு சிரிக்காது. சமையல்கட்டிலிருந்து மச்சான் மட்டும் சிரிப்பார். போனில் காமெடி வீடியோக்களாக அனுப்பினேன். ஒருநாள் பதில் வந்தது. “மாமா, சிரிச்சாச்சு. இனி அனுப்பாண்டாம்.” பிள்ளை தேறிவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்குக் கூடுதலாக அனுப்பினேன்.

டிசம்பர் வந்தது. பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல அம்மா. லீவு முடிந்து ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வந்துவிட்டால் எப்படியாவது பரீட்சை எழுத வைத்துவிடலாம், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“அண்ணா, இந்த லீவுக்குள்ள அவ வாசலத் தாண்டணும்” என்றாள் தங்கை. “ஒரு வருஷம் போனா போட்டும். வருஷத்துக்கா நான் பயப்படுதேன்? இப்ப வெளிய வரலேன்னா பிறகு அந்த ரூமே அவளுக்குப் போதும்னு ஆயிரும். எனக்குப் பயமாட்டு இருக்கு.”

“நான் பாத்துக்கிடுதேன்.”

“நீ பாக்கதும் சேத்துதான் பயம்.”

எங்கள் சபையில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது கிறிஸ்மஸ் தாத்தா நான்தான். பல வருஷமாக நான்தான். ரப்பர் முகமூடி, பஞ்சுத் தாடி, சிவப்பு உடுப்பு. மற்ற தாத்தாக்களுக்கு வயிற்றில் தலையணை கட்டுவார்கள். எனக்கு அந்தச் செலவு இல்லை. டிரம் முன்னால் போகும், பாடுகிறவர்கள் நடுவில் போவார்கள், தாத்தா வீடு வீடாக ஆடி, கைகொடுத்து, மிட்டாய் கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் எல்லாம் தாத்தாவின் காலைத்தான் பார்க்கும். செருப்பை வைத்து யாரென்று கண்டுபிடிப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. தாத்தா பேசக்கூடாது. யார் என்ன கேட்டாலும் தலையாட்டலாம், ஆடலாம், வாயைத் திறக்கக்கூடாது. அந்தச் சட்டத்தால் ஊரிலேயே அதிகம் கஷ்டப்பட்டவன் நான்.

அந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை. ரவுண்ட்ஸ் எங்கள் வார்டில் சாயங்காலம் நாலு மணிக்கே தொடங்கும். டிரம் வருவதற்கு முன்னால் நான் மட்டும் வேஷத்தோடு தங்கை வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய், அவள் சன்னல் முன்னால் திடீரென்று குதித்தால் பிள்ளை சிரித்துவிடும். ரோட்டுச் சத்தத்துக்கே காதைப் பொத்துகிறவள் முன்னால் திடீரென்று குதிப்பது என்ன வைத்தியம் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நான் நானாக இருந்திருக்கமாட்டேன்.

குதிக்கிற இடம் வரைக்கும் நான் போகவேயில்லை. ரப்பர் முகமூடியின் ஓட்டைகள் வழியாகத் தெரிவது ஒரு முழ உலகம். அந்த முழத்துக்குள் துவைக்கிற கல் வரவில்லை, அதைச் சுற்றிக் கிடந்த சோப்புத் தண்ணியும் வரவில்லை. விழுந்த வேகத்தில் முகமூடி பக்கவாட்டில் திரும்பி, கண் இருந்த இடத்தில் ஒரு காது வந்தது, தாடி வாய்க்குள் போனது. தங்கை சபைக் கோயிலில் கிறிஸ்மஸ் குடில் கட்டப் போயிருந்தாள். மச்சான் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். “யாராவது வாருங்களேன்” என்று நான் கூப்பிட்டது கேட்டாலும் அவர் ஊன்றுகோலைத் தேடி எடுத்து வருவதற்குள் புதுவருஷம் வந்துவிடும். 

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“மாமா, உயிரோட இருக்கீங்களா?”

“இருக்கேன் மக்ளே. கண்ணுதான் எங்க இருக்குன்னு தெரியல்ல.”

அவள் முகமூடியைக் கழற்றினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளை வெயிலில் பார்த்தேன். சொல்வதற்கு ஜோக் ஒன்று தயாராக வைத்திருந்தேன். கணுக்கால் அதை விழுங்கிவிட்டது.

“நோவுது மக்ளே” என்றேன்.

“கல்லுப் பக்கம் வழுக்கும்னு தெரியாதா? எதுக்கு இந்த வழியா வந்தீங்க?”

“உன்னச் சிரிக்க வைக்க.”

அவள் என்னைக் கைத்தாங்கலாகப் பின்படியில் உட்கார வைத்தாள். ஐஸ்கட்டியைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்து காலில் அழுத்தினாள். கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள் என்று நினைக்கிறேன்.

“ஒரு கூட்டம் வந்து அழுவாவ. நீங்க வந்து சிரி சிரின்னு சொல்லுவீங்க. சும்மா வந்து இருந்துட்டுப் போக இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதா மாமா?”

சும்மா இருந்தேன். ரப்பர் தோட்டத்துப் பக்கமிருந்து டிரம் சத்தம் கேட்கத் தொடங்கியது.

“உங்களத் தேடுவாவல்லா?”

“தேடுவாவ. தாத்தா இல்லாம எப்படிப் போறது? பிள்ளைங்கெல்லாம் வாசல்ல நிக்கும்.”

அவள் முகமூடியை மடியில் வைத்துத் தாடியிலிருந்த மண்ணைத் தட்டினாள். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

“தாத்தா பேசப்பிடாதுல்லா?”

“பேசப்பிடாது. அதாக்கும் சட்டம்.”

“யாராவது எதாவது கேட்டா?”

“தலைய ஆட்டினா போதும்.”

அவள் முகமூடியைத் தன் முகத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, “அந்தப் பேண்டக் கழத்துங்க” என்றாள்.

நான் மச்சானின் லுங்கிக்கு மாறினேன். அவள் காதை அமுக்குகிற தலையணையையே வயிற்றில் கட்டிக்கொண்டாள். உயரம் எங்கள் குடும்பத்து உயரம், அதில் பிரச்சினை இல்லை. பிள்ளைகள் காலைப் பார்க்குமே என்று என் செருப்பையும் மாட்டிவிட்டேன். ரவுண்ட்ஸ் செக்ரட்டரிக்குப் போன் போட்டேன். அவரும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள்.

“ஓய், எனக்குக் கால் பிசகிட்டு. வேற ஒரு ஆளு வருது. யாருன்னு கேக்காண்டாம்.”

“யாராயிருந்தா என்ன ஓய், உம்மவிட மேலாத்தான் ஆடும்.”

முன்னறையைக் கடந்து போன தாத்தாவைப் பார்த்து மச்சான், “என்ன மச்சான், கொஞ்சம் மெலிஞ்சிட்டீரு” என்றார். தாத்தா தலையாட்டியது. நான் நொண்டிக்கொண்டு போய் சன்னலோரம் உட்கார்ந்தேன். லுங்கியில் என்னைக் கண்டதும் மச்சான் டிவியை அணைத்துவிட்டார்.

வெளி கேட்டுக்குப் பக்கத்தில் தாத்தா நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு பைக் சீறிக்கொண்டு போனது. தாத்தா கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. மச்சான் எழுந்திருக்கப் பார்த்தார், நான் அவர் கையைப் பிடித்தேன். எதையாவது சத்தமாகச் சொல்லவேண்டும் போல எனக்கு வாய் துடித்தது. சொல்லவில்லை. டிரம் வளைவு திரும்பி வந்தது. கம்பியைப் பிடித்த கை ஒன்று விட்டது. பிறகு இன்னொன்று. தாத்தா ரோட்டில் இறங்கி, முதலில் தோளை மட்டும் ஆட்டியது.

இருட்டுகிற நேரத்துக்குத் தங்கை வந்தாள். லுங்கியோடு உட்கார்ந்திருந்த என்னைக் கண்டு வாசலிலேயே நின்றாள்.

“நீ இஞ்ச என்ன செய்யுத? இப்பதானே முக்குல வச்சு உன்ன ஏசிட்டு வாறேன். இடுப்பு வலிக்காரன் இப்படியா ஆடுவான்னு.”

“நான் என்ன சொன்னேன்?”

“ஒண்ணும் சொல்லல்ல. கூடக் கொஞ்சம் ஆடின.”

அவள் பின்னாலேயே தாத்தா உள்ளே வந்து முகமூடியைக் கழற்றியது. முடியெல்லாம் நெற்றியில் ஒட்டி, தழும்பு சிவந்து, ஒரு செம்புத் தண்ணியை மூச்சுவிடாமல் குடித்தாள். தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் குடித்து முடித்ததும் பேசத் தொடங்கினாள். எந்த வீட்டு நாய் துரத்தியது, எந்தப் பிள்ளை செருப்பைப் பார்த்து, “இது பெயிண்ட் கடை மாமாதான்” என்று சத்தியம் பண்ணியது, எல்லாம் சொன்னாள். அந்த மாமி வீட்டுக்கும் போயிருக்கிறாள்.

“எனக்கக் கையப் பிடிச்சிட்டு, ‘உம்ம மருமவளுக்கு வேண்டி தெனமும் முட்டுக்கால்ல நின்னு ஜெபிக்கேன், அவகிட்டச் சொல்லும்’னு சொன்னாவ. நெசமாட்டே அழுதாவ மாமா.”

“நீ என்ன செய்த?”

“பேசப்பிடாதுல்லா. ஆடினேன்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் அப்போது ஜோக் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மீதி ரவுண்ட்ஸுக்கெல்லாம் தாத்தாவாகப் போனாள், கிறிஸ்மஸ் காலையில் முகமூடி இல்லாமல் கோயிலுக்குப் போகச் சொன்னதும் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜனவரியில் பள்ளிக்கூடம் போனாள். பாதி நாளில் திரும்பி வந்த நாட்களும் உண்டு, போகவே முடியாத நாட்களும் உண்டு. நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் அவளைப் பேசவிட்டுக் கேட்டார், எங்களை வெளியே உட்காரச் சொன்னார். வெளியே சும்மா உட்காரும் பழக்கம் எனக்கு அங்கேதான் கொஞ்சம் வந்தது. பரீட்சை எழுதினாள், பாஸானாள். இப்போது காலேஜுக்குப் பஸ்ஸில் போகிறாள், என்னோடு ரோட்டில் நடக்கும்போது பைக் ஓரமாக வந்தால் இன்னும் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

அடுத்த வருஷம் ரவுண்ட்ஸுக்கான கூட்டத்தில், வழக்கம்போல் முகமூடியை எடுக்கக் கை நீட்டினேன். செக்ரட்டரி அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“காலு இப்ப எப்படி இருக்கு ஓய்?”

“சுத்தமாச் சரியாயிட்டு.”

“அது கஷ்டமாச்சே. போன வருஷமாக்கும் நம்ம தாத்தா ஒழுங்கா ஆடினாரு. நீரு அந்தத் துவைக்கிற கல்லுப் பக்கம் இன்னும் ஒருக்கப் போயிட்டு வாரும்.”