பல்லில் தண்ணீர் படாத காமு மாமி

கல்கத்தாவில் போபஜாரிலிருந்து டல்ஹௌசி ஸ்கொயர் வரை இருந்த தமிழ் மெஸ்களில் காமு மாமியைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. டாக்குரியாவில் ரயில் ஏறினாளானால், இருட்டித் திரும்பி வீடு சேரும் வரை அந்த அம்மாள் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. யார் வீட்டிலும் எதையும் வாங்கிக் குடிக்க மாட்டாள். அப்பேர்ப்பட்ட மடி, அப்பேர்ப்பட்ட ஆசாரம். அவள் கையால் இட்ட அப்பளம் பிரசாதத்துக்குச் சமானம் என்று மெஸ்ஸுக்கு மெஸ் சொல்லிக்கொண்டார்கள்.

இதில் பாதி உண்மை. தண்ணீர் குடிக்க மாட்டாள் என்பது உண்மை. மடி, ஆசாரம் எல்லாம் அவர்களாகக் கட்டிவிட்டது. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும். அதற்கு அந்த மகா பட்டணத்தின் நடுவில் ஒரு பெண்பிள்ளைக்கு இடம் கிடையாது. விஷயம் இவ்வளவுதான்.

முதல் ஜெர்மன் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். மாளிகை மாளிகையாகக் கட்டி வைத்திருந்தார்கள். குதிரைகள் தண்ணீர் குடிக்கத் தொட்டி வைத்திருந்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கென்று சில முக்குகளில் தகர மறைப்பு இருந்தது. மறைப்பு இல்லாத இடத்தில் சுவர் இருந்தது, அவர்களுக்கு அது போதும். பெண்களைப் பற்றி மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் வீட்டை விட்டு வரமாட்டாள், அப்படியே வந்தாலும் மூடு பல்லக்கில் வந்து மூடு பல்லக்கில் போய்விடுவாள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. காமுவுக்குப் பல்லக்கு இல்லை. தோளில் அப்பளக்கட்டு மூட்டை, கையில் காப்பிப்பொடி டின், கக்கத்தில் செத்துப்போன புருஷனுடைய குடை, இவ்வளவுதான் அவள் பரிவாரம்.

அவளுடைய ஆசாரத்தின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் புருஷனோடு கல்கத்தாவுக்கு வந்தபோது சாந்த்ராகாச்சியில் வண்டி வெகுநேரம் நின்றது. ராஜாராமன் மண்குவளையில் சூடான பால் வாங்கிக் கொடுத்தான். யார் காய்ச்சினது, என்ன ஜாதி என்று அவள் கேட்கவில்லை. குடித்துவிட்டு இன்னொரு குவளை கேட்டாள். அந்த ராஜாராமன் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து, ஒரு மழைக்காலத்து ஜுரத்தில் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகுட்டி இல்லை. கும்பகோணத்தில் மைத்துனன் வீட்டுக்குப் போனால் சம்பளமில்லாத சமையற்காரியாகக் காலம் தள்ளலாம். அதற்கு அப்பளம் இட்டுப் பிழைப்பது மேல் என்று டாக்குரியாவில் ஒரு வங்காளி வீட்டின் பின்கட்டு அறையில் தங்கிவிட்டாள்.

டாக்குரியா அப்போது கிராமந்தான். குளம் உண்டு, மூங்கில் புதர் உண்டு, இருட்டும் உண்டு. அதனால் அங்கே கஷ்டமில்லை. ரயில் ஏறி ஷியால்தாவில் இறங்கினதும் கஷ்டம் ஆரம்பமாகும். சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தெருக்குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு நடப்பாள். ராத்திரி நீர்க்கடுப்பு வந்து நெருப்பாய் எரியும். கொத்துமல்லிக் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுச் சுருண்டு படுப்பாள். வீட்டுக்கார வங்காளி அம்மாளும் விதவைதான். ஏகாதசிக்கு ஏகாதசி சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடப்பவள். “நான் பக்ஷத்துக்கு ஒரு நாள் செய்வதை நீ வியாபாரத்துக்குப் போகிற நாளெல்லாம் செய்கிறாயே” என்று அவள் ஒரு தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காமுவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மெஸ்களில் சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் இருப்பார்கள். பாங்கில் வேலை பார்த்த வாஞ்சிநாதன்தான் பெரிய மெஸ்ஸுக்கு நிர்வாகி. காமுவின் புகழைப் பரப்பினதும் அவர்தான்.

“மாமி, ஒரு வாய் மோராவது சாப்பிடப்படாதா?”

“வேண்டாம்ப்பா.”

“பாத்தேளாடா?” என்று புதிதாய் வந்த பையன்கள் பக்கம் திரும்புவார். “இந்த வேகாத வெய்யில்லே! இதுன்னா ஆசாரம்!”

காமுவின் கண் முற்றத்துக் கோடியில் இருந்த கதவின் மேல் இருக்கும். தாழ்ப்பாள் இல்லாத கதவு. அதற்கு முன்னால் கொடி முழுக்க ஆண்பிள்ளைகளின் துண்டும் வேஷ்டியும். ‘அப்பா, அந்தக் கதவண்டை யாரும் வராம கொஞ்சம் பாத்துக்கோ’ என்று கேட்டால் போதும். கேட்க நா எழாது. தெய்வமாக்கிவிட்டவர்களிடம் போய் இதைக் கேட்பது எப்படி?

இதே மனிதர்கள்தான், காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது மொட்டைத் தலையும் முக்காடுமாக அவள் எதிர்ப்பட்டால் உள்ளே திரும்பிப் போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். எதிரே வந்தால் அபசகுனம், அப்பளம் இட்டால் புண்ணியவதி! அதனால் அவளும் எல்லாரும் ஆபீசுக்குப் போன பிறகுதான் மெஸ் தெருவில் கால் வைப்பாள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் போபஜார் சந்து ஒன்றில், ஓர் அச்சுக்கூடத்தின் மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அப்பளமா? தமிழா நீங்க? ஐயோ, மேல வாங்களேன்!”

செங்கல்பட்டுப் பக்கத்துப் பெண், பெயர் சுப்புலக்ஷ்மி. புருஷன் திருவேங்கட முதலியார் காகித வியாபாரம் செய்யும் கம்பெனியில் கணக்கர். அவர் காலையில் போனால் ராத்திரிதான் வருவார். சுப்புவுக்கு வங்காளியும் தெரியாது, ஹிந்துஸ்தானியும் தெரியாது. கல்கத்தாவுக்கு வந்ததிலிருந்து ஒரு பெண்ணோடு தமிழ் பேசவில்லையாம். காமுவுக்கும் கிட்டத்தட்ட அதே கதி. இரண்டு பேரும் மூச்சு விடாமல் பேசினார்கள். புளி விலை, கல்கத்தா ஈ, எதிர்வீட்டுக்காரி மீன் கழுவுகிற அழகு, ஒன்று பாக்கியில்லை. காமு வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

சுப்பு எழுந்து போய்க் காப்பி கலந்து வந்தாள். காமு வறுத்து இடித்த பொடியேதான். மணம் மூக்கைத் துளைத்தது. காமுவுக்குக் காப்பி என்றால் உயிர்.

“வேண்டாம்மா, சுப்பு.”

“ஒரு வாய் மாமி.”

“வேண்டாம். நான் வெளியிலே ஒண்ணும் சாப்பிடறதில்லே.”

சுப்புவின் முகம் சுண்டிப் போயிற்று. காமு அதைப் பார்த்தாள். கீழே அச்சுக்கூடத்து முற்றத்தில் இருந்த கக்கூஸையும் அவள் வரும்போதே பார்த்திருந்தாள். கதவுக்குப் பதில் ஒரு சாக்குப் படுதா. அதற்கு வெளியே பீடியும் கையுமாக அச்சுக் கோக்கிறவர்கள். சுப்புவே விடிவதற்கு முன்னும் விளக்கு வைத்த பின்னும்தான் அங்கே போவாளாக இருக்கும். அந்தப் பெண்ணும் பகலெல்லாம் எச்சிலை விழுங்கிக்கொண்டுதான் கிடந்தாளோ என்னவோ. இரண்டு பேரும் அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அடுத்த தடவை போனபோது காமு உட்காரும் இடம் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. உட்காரப் புது மணைப்பலகை ஒன்று போட்டிருந்தது. அதற்கடுத்த தடவை சுப்பு தள்ளியே உட்கார்ந்தாள். பிறகு காசைக் கையில் கொடுப்பதை விட்டுவிட்டுத் தரையில் வைத்தாள்.

“எங்க வீட்டுல நீங்க கை நனைக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும் மாமி. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. உங்க மடி உங்களுக்கு” என்றாள் ஒரு நாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதெல்லாம் இல்லையடி பெண்ணே என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த ஆசாரப் பேர்தான் அவளுடைய அப்பளத்தை விற்றுக் கொடுத்தது. சுப்பு புருஷனிடம் சொல்லி, அவர் மெஸ்காரர்களிடம் சொல்லிவிட்டால்? இப்படி நினைத்து நினைத்தே நாளைத் தள்ளினாள். அந்த மணையை ஜன்னல் வழியாகத் தூக்கி எறியலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்ததும் உண்டு.

ஆனி மாதம், மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், மெஸ்களையெல்லாம் முடித்துக்கொண்டு கடைசியாகச் சுப்புவின் மாடிக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. கூடமெல்லாம் பெட்டியும் படுக்கையும். சுப்பு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். காமுவைக் கண்டதும் பதறி எழுந்து டம்ளரைப் பெட்டிக்குப் பின்னால் மறைத்தாள். ஓடிப்போய் மணையை எடுத்தாள்.

“ரங்கூன்ல வேலை கிடைச்சிருக்கு மாமி. நாளைக்குக் காலைல கப்பல். இனிமே இங்க வரமாட்டோம்.”

காமு மணையில் உட்காரவில்லை. அவள் கண் அந்த டம்ளர் மறைந்த இடத்திலேயே இருந்தது. தன் தலையைக் கண்டால் காப்பியை ஒளித்துவைக்கிற நிலைக்கு இந்தப் பெண்ணை நாம் கொண்டுவந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். கல்கத்தாவில் தன்னை மனுஷியாக உட்கார வைத்துப் பேசின ஒரே ஜீவன். இவள் கடல் தாண்டிப் போயும், ‘அந்தப் பாப்பாத்தி என்னைக் கேவலமாக நினைத்தாள்’ என்றுதானே நினைத்துக்கொண்டிருப்பாள்?

“சுப்பு, எனக்குக் காப்பி கொடு.”

“மாமி?”

“காப்பி கொடுடி. பெரிய டம்ளரா எடு.”

சுப்பு கலந்து கொண்டுவந்தாள். காமு வெறுந்தரையில் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். தூக்கிக் குடிக்கவில்லை. டம்ளரை உதட்டில் வைத்து எச்சில் பண்ணி, நிதானமாக, சொட்டு விடாமல் குடித்தாள். “இன்னும் இருக்கா?” என்று கேட்டு அதையும் குடித்தாள். ஒரு சொம்பு தண்ணீரும் வாங்கிக் குடித்தாள். சுப்பு அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள்.

“நான் தப்பா நினைச்சுட்டேன் மாமி. என்னை இளப்பமா நினைக்கிறீங்கன்னே நினைச்சுட்டேன்.”

“போடி அசடு. காரணம் வேற. சொன்னா நீ சிரிப்பே.”

“என்ன மாமி?”

சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து முதலியார் இரண்டு கூலியாட்களோடு மாடியேறி வந்தார். ஆண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியுமா? “அப்புறம் சொல்றேன்” என்று சுப்புவின் கன்னத்தைத் தடவிவிட்டு எழுந்தாள். அப்புறம் என்பது இனி கிடையாது என்று தெரு முனைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வேறொன்றும் உறைக்கத் தொடங்கியது. வேகமாக நடந்தால் ரயிலைப் பிடித்துவிடலாம், டாக்குரியா மூங்கில் புதர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள். பாதி வழியில் வானம் பொத்துக்கொண்டது. கல்கத்தா மழையில் தெரு குளமாவதற்குப் பொழுது வேண்டாம். டிராம்கள் வரிசையாக நின்றுவிட்டன. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் உயிர் போயிற்று. ஜனங்கள் கடைத் தாழ்வாரங்களில் முண்டியடித்து ஏறினார்கள். ஒரு மிட்டாய்க் கடைக்காரன், “மா, உள்ளே வாங்கோ மா!” என்று வங்காளியில் கூவினான்.

காமு போகவில்லை. குடையை மடக்கினாள். நடுத்தெருவில், கொட்டுகிற மழையில், முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றாள். அவமானத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கை தானாக நெஞ்சருகே கூப்பிக்கொண்டது. எல்லாம் மழையோடு போயிற்று. வெட்கமும், அழுகையும், எங்கிருந்தோ ஒரு சிரிப்பும் சேர்ந்து வந்தன. எந்தக் கண்ணீர் எது என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மெஸ்ஸுக்குப் போனபோது வாஞ்சிநாதன் வாசலிலேயே காத்திருந்தார். பையன்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார்.

“இவாகிட்ட சொல்லிண்டிருக்கேன் மாமி. அன்னிக்கு மிட்டாய்க் கடையிலே ஒதுங்கி நின்னிண்டிருந்தேன். ஊரே ஓடறது, நீங்க கொடையை மடக்கிட்டுக் கண்ணை மூடிண்டு ஜபம் பண்ணிண்டு நிக்கறேள்! கங்கையே எறங்கி வந்து அபிஷேகம் பண்ணின மாதிரி இருந்தது. டேய், நமஸ்காரம் பண்ணுங்கடா.”

அத்தனை பேரும் விழுந்து எழுந்தார்கள். காமு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் விட்டால் வெடித்துச் சிரித்திருப்பாள்.

“ஒரு வாய் மோராவது, மாமி?”

“வேண்டாம்ப்பா.”

சிரிப்பை அடக்கிக்கொண்டே தெருத் தெருவாக நடந்தாள். கால் பழக்கத்தில் அச்சுக்கூடத்துச் சந்துக்குள் திரும்பிவிட்டது. ஜன்னல் சாத்தியிருந்தது. அவள் உட்கார்ந்த மணையைக் கீழே படிக்கட்டில் போட்டு, அச்சுக் கோக்கிறவன் ஒருவன் அதன்மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

“அன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமோடி சுப்பு?” என்று மேலே பார்த்துக் கேட்டுவிட்டாள்.

அவன் பீடியை எடுத்துவிட்டு, “என்ன மா?” என்றான் வங்காளியில்.

“ஒன்றுமில்லை” என்று அவளும் வங்காளியில் சொன்னாள். சிரிப்பு எப்போது நின்றதென்று தெரியவில்லை. நாக்கு வறண்டிருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருக்குழாயைப் பார்க்காமல் ரயிலுக்கு நடந்தாள்.