வண்டி தள்ளுகிறவனின் நிறை

உங்கள் மகன் என்ன செய்கிறார் என்று எங்கள் அஜக்ஸ் நகரத்தில் யாராவது கேட்டால் எனக்கு முதலில் பெருமூச்சுத்தான் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பல் வைத்தியர். முன்வீட்டுப் பிள்ளை வங்கியில். என்னுடையவன் பனிக்கட்டியில் வண்டி தள்ளுகிறான். பொப்ஸ்லெட் என்று பெயரைச் சொன்னபோது, "அதென்ன அன்ரி, நாய் இழுக்கிற வண்டியே?" என்று கோயில் வரிசையில் ஒருத்தி கேட்டாள். "இல்லையம்மா, நாய்க்குப் பதிலா என்ர மகன்" என்றேன். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். என் வாய் அப்படி, என்ன செய்ய.

அதற்கு முதல் அவன் ஃபுட்போல் ஆடினவன். காலால் உதைக்கிற பந்து அல்ல. தலைக்கவசமும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை மாதிரியான பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அப்போது நாங்கள் வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். பத்தாம் வகுப்பில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். சுற்றுலாவாக்கும் என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். முதல் ஆட்டம் பார்க்கப் போனால், ஐந்தாறு தடியன்கள் என் பிள்ளையின் மேல் விழுந்து அமத்துகிறார்கள். நான் தமிழில் கத்திய கத்தலுக்கு அந்த மைதானமே திரும்பிப் பார்த்தது. என் மனுசன் பார்சல் வான் ஓட்டுகிற உடுப்போடு நேரே வேலையால் வந்திருந்தார். என் கையைப் பிடித்து இருத்திவிட்டு, "இஞ்சேர், விழுந்தும் பந்தை விடேல்லை, பாத்தீரே" என்றார். ஆட்டத்தின் விதி ஒன்றும் கடைசிவரைக்கும் அவருக்கு விளங்கவில்லை. ஆனால் ஓர் ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை.

பல்கலைக்கழகத்திலும் நாலு வருடம் ஆடினான். பெரிய அணிகள் ஆளெடுக்கிற நாளன்று போனை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தான். ஒருவரும் அழைக்கவில்லை. பிறகு ஓர் அணி, வந்து பயிற்சி முகாமில் ஓடிக்காட்டு என்றது. போனான். ஒன்பதாம் நாள் அனுப்பிவிட்டார்கள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூரச் சந்தோசம். இனி ஒழுங்கான வேலை ஒன்று தேடுவான், எலும்பும் தப்பியது என்று நினைத்தேன். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலில் நின்ற நிற்பைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மாதம் கீழ் அறையை விட்டு அவன் வெளியே வரவில்லை.

அவனைப் பயிற்றுவித்த ஒருவர்தான், உன்னைப் போல் பாரமாகவும் இருந்து வேகமாகவும் ஓடுகிறவனை பொப்ஸ்லெட்காரர் தேடுகிறார்கள், போய்ப் பார் என்றாராம். சோதனைக்குப் போய் எடுபட்டுவிட்டான். குசினி மேசையில் இருந்து எங்களுக்கு விளங்கப்படுத்தினான். நாலு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஒவ்வொருவராக உள்ளே பாய வேண்டும். கடைசியாகப் பாய்கிறவன் இவன். பாய்ந்ததும் தலையைக் குனிந்து மடங்கி இருந்து, முடிவில் பிரேக்கை இழுப்பதுதான் வேலை.

"அப்ப நீ ஒண்டும் பாக்கமாட்டியே?"

"இல்லை அம்மா. தலையைத் தூக்கினால் காத்துப் பிடிச்சு ஸ்லோவாப் போயிடும்."

"உதுக்கே ராசா இவ்வளவு காலமும் ஓடினனி?"

அவன் சிரித்தான். முகாமால் வந்த பிறகு அன்றுதான் சிரித்தான். அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த விளையாட்டில் பாரம்தான் எல்லாம். பாரம் கூடினால் வண்டி வேகமாக இறங்கும். ஆட்கள் மெலிவு என்றால் வண்டியில் இரும்பு பூட்டிச் சரிசெய்யலாம், ஆனால் அப்படிப் பூட்டின வண்டியைத் தொடக்கத்தில் தள்ளி எடுப்பது கடினம். அதனால் பாரம் மனிதனில் இருக்க வேண்டும். அவனுக்குச் சொல்லப்பட்ட நிறை நூற்றைந்து கிலோ. அதைப் பிடித்து வைத்திருக்க அவன் சாப்பிட்ட சாப்பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒரு கோழி. காலையில் எட்டு முட்டை. கலியாண வீட்டுக்குச் சமைக்கிற சட்டியில்தான் நான் அவன் ஒருவனுக்குச் சமைத்தேன்.

இரண்டு பனிக்காலம் சின்னப் போட்டிகளில் தள்ளினான். மூன்றாம் வருடம் பெரிய அணியில் ஓர் இடம் வெளித்தது. மேற்கே அணியின் பயிற்சித் தளத்துக்குப் போய், நிறை பார்த்து, தள்ளிக்காட்டிப் பிடிக்க வேண்டிய இடம். அதற்கான திகதியை அறிவித்த கிழமைதான் என் மனுசன் வாசலில் வான் கழுவிக்கொண்டு நின்றவர் விழுந்தார். அம்புலன்ஸ் வரமுதல் போய்விட்டார். தகனசாலையில் கிரியை முடித்துப் பொத்தானை அமத்தியவன் மகன்தான்.

அன்று பின்னேரம் என் மச்சாள், அவருடைய மூத்த தமக்கை, ஸ்ரௌவ்வில்லில் இருந்து சூட்கேசோடு வந்து இறங்கினா. அந்தியேட்டிக் கிரியை முடியும்வரைக்கும், முப்பத்தொரு நாளும் எங்களோடு நிற்பா. மகன் அவவிடம் போய், "மாமி, அப்பாவுக்கு நான் என்னென்ன செய்யவேணும்?" என்று கேட்டான். அவ சொல்லச் சொல்ல போனில் எழுதிக்கொண்டான். வீட்டில் மச்சம் இல்லை, மரக்கறி மட்டும். இறைச்சி, மீன், முட்டை ஒன்றும் கூடாது. எட்டாம் நாள் மட்டும் அவருக்குப் பிடித்த ஆட்டிறைச்சியைச் சமைத்துப் படைக்கலாம். பிறகு திரும்பவும் சைவம்.

இதெல்லாம் எங்களுக்குப் பழகினதுதான். ஆனால் இதற்குள் ஒரு சலுகை இருக்கிறது, அதை ஒருவரும் வாயால் சொல்வதில்லை. சாவுத் துடக்கு வீட்டு ஆம்பிளைகள் எத்தனை பேர் வேலைக்குப் போகிற வழியில் இறைச்சிப் பேர்கர் வாங்கித் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பருப்புக்கறியின் முன்னால் இருந்திருக்கிறார்கள்? எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கேட்பதில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியவில்லை. எழுதினதை எழுதினபடியே செய்தான். அவன் குடிக்கிற சத்துப் பொடியின் பேணியைத் திருப்பி வாசித்துவிட்டு, முட்டை கலந்திருக்கிறது என்று அதையும் ஒதுக்கி வைத்தான். மூன்று நேரமும் சோறு, பருப்பு, கத்தரிக்காய். அதோடு தினமும் பயிற்சி.

மேற்கே போய்த் தள்ளிக்காட்ட வேண்டியது அவர் செத்து இருபத்துநாலாம் நாள். பன்னிரண்டாம் நாளே அவன் மெலிகிறது எனக்குத் தெரிந்துவிட்டது. பெல்டில் புதிதாக ஒரு துளை குத்தியிருந்தான். குளியலறைத் தராசில் ஏறுவான், இறங்குவான், திரும்பவும் ஏறுவான். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். 'வெளியில போய்ச் சாப்பிட்டிட்டு வா' என்றால் போதும். நான் சொல்லவில்லை. மனுசன் போய் ஒரு மாதமாகவில்லை, அதற்குள் பிள்ளைக்கு இறைச்சி தேடுகிறாள் என்று மச்சாள் நினைப்பா, நாளைக்கு ஊர் முழுக்கக் கதை போகும். கோயில் வரிசையில் வாய் காட்டுகிற எனக்கு, என் சொந்தக் குசினியில் வாய் திறக்கப் பயம். அவனே கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்டால் செய்துகொடுக்கலாம், பழியும் என்னில் வராது. இதை எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பத்தொன்பதாம் நாள் காலமை தராசில் ஏறி இறங்கியவன், குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். நேரே கடைக்குப் போய் மூன்று கிலோ ஆட்டிறைச்சி வாங்கிவந்து, பட்டப்பகலில், யன்னலைக்கூடத் திறக்காமல் சமைத்தேன். கறித்தூளை அள்ளிப் போட்டேன். வருகிறது வரட்டும் என்ற ஆத்திரம்.

மச்சாள் படியால் இறங்கி வந்தா. "என்ன மணம் இது?"

"இறைச்சி. பிள்ளைக்கு. அவன் அஞ்சு கிலோ இறங்கிப்போனான் மச்சாள். அந்த நிறை இல்லாட்டி அவனை எடுக்கமாட்டினம். ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ."

அவ என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு கோப்பையை எடுத்து, தானே அகப்பையால் அள்ளிப் போட்டு, மகனைக் கூப்பிட்டு மேசையில் வைத்தா. அவன் என்னைப் பார்த்தான்.

"தின்னடா. என்ர தம்பி இருந்திருந்தால் எனக்கெல்லே ஏசியிருப்பான்" என்றா. என் பக்கம் திரும்பி, "நீர் ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை? எனக்கு உந்த நிறை, பாரம் எல்லாம் தெரியுமே? கேட்டால் நான் வேண்டாமெண்டே சொல்லியிருப்பன்?" என்றா. நான் சட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தேன். அவன் மூன்று கோப்பை சாப்பிட்டான்.

ஐந்து நாளில் எவ்வளவைத்தான் ஏற்ற முடியும்? இரண்டு கிலோ ஏறியது. இருபத்துநாலாம் நாள் மேற்கேயிருந்து அழைத்தான். அதே இடத்துக்கு வந்த மற்றவன் ஓட்டத்தில் பள்ளிக்காலம் முழுக்கப் பரிசு வாங்கினவனாம். தள்ளின வேகத்தில் இரண்டு பேருக்கும் கண்ணிமைக்கிற அளவுகூட வித்தியாசம் இல்லையாம். தராசுதான் தீர்த்தது. இடம் மற்றவனுக்கு. என் மகன் மேலதிக ஆள். அணியோடு போவான், வண்டி சுமப்பான், யாருக்காவது கால் பிடித்தால் இறங்குவான். இன்றைக்கும் அதுதான் அவன் தொழில்.

"எனக்கு ஓகே அம்மா" என்றான்.

"ஓகே இல்லை. நீ ஏன் அப்பன் வாய் திறந்து கேக்கேல்லை? பன்னிரண்டாம் நாளே நான் கண்டனான். நீ கேப்பாயெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."



"நீங்கள் கண்டது எனக்குத் தெரியும் அம்மா. சாப்பிடு எண்டு நீங்கள் சொல்லுவீங்களெண்டு நானும் பாத்தன். நீங்கள் சொல்லேல்லை. அப்ப, அப்பாவுக்கு நான் இதைச் செய்து முடிக்கிறதுதான் உங்களுக்கு முக்கியம் எண்டு விளங்கிக்கொண்டன்."

எனக்கு அது முக்கியமாக இருக்கவில்லை, நான் உன் மாமிக்குப் பயந்தேன், அவ்வளவுதான் என்று அவனிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். இடம் போனதற்கு அவனிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு காரணம்தான்.