பல் போனவனின் பல்லொலி

தவளக்குப்பம் சந்திப்பில் மழைத் தண்ணீருக்குள் மறைந்திருந்த ஒரு பள்ளம் என் வண்டியைக் கவிழ்த்து மேல்வரிசை முன்பற்களை மொத்தமாக வாங்கிக்கொண்டது. சாலை போட்டவர்களைத் திட்டித் திட்டி வாய் ஓய்ந்துவிட்டது. ஈறு ஆறி எலும்பு கூடும்வரை பல் செட்டு கட்டக் கூடாது என்றார் மருத்துவர். பொக்கை வாயோடு உழவர்கரையில் மீன் பேரம் பேசலாம், கோயிலில் பூசை பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைகூடப் போடலாம். ஒலியியல் வகுப்பு மட்டும் எடுக்கக் கூடாதாம்.

நான் டவுனில் ஒரு கல்லூரியின் மொழியியல் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். கௌரவம் என்பது அந்தப் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. இந்தக் கேவலத்தையெல்லாம் சகித்துக்கொண்டு நான் அங்கே ஒட்டிக்கொண்டிருந்ததற்கு ஒரே காரணம், ஒலியியல் வகுப்பு. அந்த வகுப்பில்தான் நான் மனிதனாக இருந்தேன்.

அடுப்புக்கரியை மைபோல அரைத்து, நல்லெண்ணெயில் குழைத்து, என் நாக்கில் தடவிக்கொள்வேன். ‘தா’ என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வாயைத் திறந்தால், நாக்கு எங்கே தொட்டதோ அங்கே கரி ஒட்டியிருக்கும். பிள்ளைகள் டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். ‘தா’வுக்குக் கரி மேல்பற்களின் பின்புறம்; அதனால்தான் அதற்குப் பல்லொலி என்று பெயர். கழுவிவிட்டு மறுபடி தடவி ‘டா’ சொன்னால், கரி மேலண்ணத்துக்குப் போயிருக்கும். மேசையைப் பிரெஞ்சுக்காரன் ‘தாப்ள்’ என்னும்போது நம்மைப் போலப் பல்லைத் தொடுகிறான், இங்கிலீஷ்காரன் ‘டேபிள்’ என்னும்போது பல்லை விட்டுவிட்டு மேலே ஏறிவிடுகிறான் என்று சொல்வேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அங்கேயே சொல்லிப் பார்த்துச் சிரிப்பார்கள். கறுத்த நாக்கோடு நானும் சிரிப்பேன்.

விபத்துக்குப் பிறகு வந்த கல்வியாண்டின் தொடக்கத்தில் துறைத் தலைவர் என்னை அறைக்கு அழைத்தார். என்னைவிட வயதில் இளையவர், குரலில் எப்போதும் தேன் தடவியிருப்பார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. பல்லே இல்லாம பல்லொலிய எப்படி நடத்துவீங்க?”

வழியில் போகிற யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் கேட்டார். பல்லொலி என்பது ஓர் இடத்துக்கு வைத்த பெயர், பல்லா சத்தம் போடுகிறது என்று விளக்கினேன். நாக்கு நுனி பல்லோடு நிற்பதில்லை, பல்லின் அடியில் ஈறையும் சேர்த்துத்தான் தொடுகிறது, பழைய இலக்கணக்காரர்களே பல்லின் அடி என்றுதான் சொன்னார்கள் என்றேன். பல் முளைக்காத குழந்தை ‘தாத்தா’ என்று கூப்பிடுவதில்லையா என்றும் கேட்டேன். என்னுடைய ‘த’வும் ‘ந’வும் நன்றாகவே இருந்தன. ‘ச’ மட்டும் விசில் அடித்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு வேறொருவருக்குப் போனது. அந்த ஆண்டு எனக்கு அழைப்பே வரவில்லை.

ஆறேழு மாதம் வீட்டில் கிடந்தேன். வருமானம் நின்றதில் பல் செட்டும் தள்ளிப்போனது. கோபத்தை யார் மீது காட்டுவது என்று தெரியாமல் மனைவி வைத்த குழம்பின் மீது காட்டினேன். அப்போதுதான் துறைத் தலைவரிடமிருந்து போன் வந்தது. ஒரு நாள் ஒலியியல் வகுப்புக்கு வர முடியுமா என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். அம்மியில் கரியை நானே அரைத்தேன்.

“திரும்ப எடுத்துக்கறோம்னு அந்தாளு வாயால சொன்னாரா?” என்றாள் மனைவி.

சொல்லவில்லைதான். எதற்குக் கூப்பிடுவார்கள் பின்னே என்று அவளை அடக்கிவிட்டுக் கிளம்பினேன்.

வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்தபடி ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார் துறைத் தலைவர். என் கையிலிருந்த கரிக்கிண்ணத்தை வாங்கி, அவரே என் நாக்கில் தடவினார். “சொல்லுங்க ஐயா” என்றார். அதுவரை சாராக இருந்தவன் அப்போது ஐயாவானேன். ‘தா’ என்றேன். ஒருவர் பின் ஒருவராக வந்து என் வாய்க்குள் செல்போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். கரி, ஈறின் மேல் கச்சிதமாக விழுந்திருந்தது.

“பாருங்க, பல்லொலிங்கறது ஒரு எடத்தோட பேரு. பல்லு இல்லன்னாலும் நாக்குக்கு அந்த எடம் தெரியும்” என்றார் துறைத் தலைவர். குழந்தையின் ‘தாத்தா’வையும் விடவில்லை. அவர் அறையில் அன்று நான் சொன்ன அத்தனையும் வரிசை மாறாமல் வந்தது. பிள்ளைகள் கண் விரியக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

நான் பாட்டில் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் இருந்த பெண் மரியாதையாக எழுந்து நின்றாள்.

“ஐயா, நீங்க என்ன வேல பாத்தீங்க?”

எனக்கு வாய் நிறையத் தண்ணீர். துறைத் தலைவர் முந்திக்கொண்டார்.

“இவரு இங்கதான் உழவர்கரைல இருக்காரு. கூப்ட்டா வருவாரு.”

எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து பதில் சொல்லியிருக்கலாம். அத்தனை கண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கரித்தண்ணீரை விழுங்கிவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.