உள்ளங்கைச் சீனி

சுந்தரி சாகக் கூடாது. உயிராசை பிடித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் போனால் மகளுக்கு யாருமில்லை.

வயது ஐம்பத்தாறு. கண்டி நகரத்துத் துணிக்கடையொன்றில் நாள் முழுக்க நின்ற காலில் நிற்கிறவள். புருசன் செல்லச்சாமி புசல்லாவை பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து ஐந்து வருசமாகிறது. மிச்சம் ஒரே மகள் கிருஷாந்தி. உடம்புக்கு இருபத்தாறு வயது, மனசுக்கு மூன்று. தாய் ஊட்டினால்தான் சோறு இறங்கும். அதற்காகவே பகலில் கடையிலிருந்து ஓடிவந்து ஊட்டிவிட்டு ஓடுவாள் சுந்தரி.

கருமாதி முடிந்த அன்றே செல்லச்சாமியின் தங்கை பிரேமிளா கேட்டுவிட்டாள்: "அண்ணி, நீங்களும் போயிட்டா இத யாரு பாக்குறது?"

'இத' என்றாளே, பாவி! அந்தச் சொல் சுந்தரிக்கு முள்ளாகத் தைத்தது. கட்டுக்கலைப் பிள்ளையார் முன்னால் நின்று அழுது, ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: "என் மகளுக்குப் பொறகு ஒரே ஒரு நாள் நான் இருக்கணும் சாமி. ஒரு நாள் போதும்."

பெற்றவள் கேட்கிற வரமா இது? ஆனாலும் கேட்டாள்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆளில்லை அவள். அதே மாதம் கிளினிக்கில், சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, தொடங்கியிருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து தன் உடம்பைத் தானே காவல் காத்தாள். விடியுமுன் எழுந்து கண்டி வாவியை ஒரு சுற்று நடை. வல்லாரைக் கஞ்சி, ஒரு பிடி சிவப்பரிசிச் சோறு, இரவுக்குக் குரக்கன் ரொட்டி. உப்பு பாதி. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுவாள்.

பகலில் கிருஷாந்தியைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா சிரிப்பார். "அல்லாஹ் தந்த ஹயாத்த நடந்து கூட்டேலுமா புள்ள?"

"ஆயுசக் கூட்டித்தான் ஆகணும் உம்மா," என்பாள் சுந்தரி. அவள் சிரிக்கமாட்டாள்.

சீனியை விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பிளேன்டீயில் சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் ஒரு கரண்டி கொட்டி, நக்கிக்கொண்டே மிடறு மிடறாகக் குடித்துப் பழகியவள். தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து அப்படிக் குடிப்பதுதான் அந்த வீட்டின் கொண்டாட்டம். சுந்தரி அதையும் விட்டாள். ஆனால் பழக்கதோசத்தில் கரண்டி இரண்டு தரம் சீனிப் போத்தலுக்குள் போகும். இரண்டும் மகளின் கையில் விழும்.

"என் பங்கையும் நீயே தின்னுடி, என் தங்கம்."

கடையில் கொடுக்கும் இனிப்பு பனிஸும் கோயில் லட்டும் அதே வழியில் போயின. தான் துறந்ததெல்லாம் பிள்ளை வாயில் இனிக்கட்டுமே என்ற நினைப்பு. கிருஷாந்தி நக்கி முடித்துக் கைதட்டுவாள். அதைப் பார்க்கச் சுந்தரிக்கு வயிறு நிறையும்.

இந்த மாசியில் கிருஷாந்தி மெலிந்தாள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள், படுக்கையை நனைத்தாள். வெயில் சூடு என்றாள் சுந்தரி. அட கடவுளே! நோயின் அடையாளங்களைக் கிளினிக் சுவரில் மாதாமாதம் எழுத்துக்கூட்டிப் படித்தவள் அவள். எல்லாவற்றையும் தன் உடம்பில்தான் தேடினாள்.

"புள்ள, இவட பாயில எறும்பு மொய்க்கிது," என்றார் ஆஸியா உம்மா ஒரு மாலை. மறுநாள் காலை கிருஷாந்தியை எழுப்ப முடியவில்லை. இருவரும் ஓட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"சீனி அறுநூறுக்கு மேல," என்றார் டொக்டரம்மா, யாழ்ப்பாணத்துக்காரி. "வீட்டில வேற ஆருக்கும் இருக்கோ?"

"எனக்கு இருக்கு டொக்டர். ஆனா நான் சீனியத் தொட்டே அஞ்சு வருசம்." சுந்தரி கிளினிக் கொப்பியை நீட்டினாள்.

டொக்டரம்மா புரட்டிப் பார்த்தார். "நீங்கள் நல்லா வச்சிருக்கிறியள் அம்மா. இப்பிடியே இருந்தால் கனகாலம் இருப்பியள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிள்ளையைப் பற்றித்தான் இப்ப ஒண்டும் சொல்லேலாது. வருத்தம் உள்ளுக்குள்ள கனநாளா இருந்திருக்கு. இனிப்பு நிறையக் குடுத்தனீங்களோ?"

சுந்தரி ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கட்டிலில் கிருஷாந்தி பாதிக் கண் திறந்தாள். தாயைக் கண்டதும் உதடு அசைந்தது. சேலைன் ஏறாத கையை மெல்லத் திருப்பி, உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

சுந்தரி கட்டில் சட்டத்தில் தலையை முட்டி முட்டி அழுதாள்.

"வேணாம் சாமி. அந்த ஒரு நாள் எனக்கு வேணாம். நான் கேட்ட வரத்த நீயே திருப்பி எடுத்துக்க!"

கிருஷாந்தி நீட்டிய கையை மடக்கவில்லை. எப்போதும் கிடைக்கிற இரண்டு கரண்டிக்காகக் காத்திருந்தாள்.