டிரைவர் கண்ணுக்கு விட்ட பால்

பிள்ளைகளா, அந்த அம்மாளின் பேர் எனக்குத் தெரியாது. ஒரு ஆடி மாதம், கொட்டாம்பட்டிக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒட்டிய கன்னம், மடியில் கைக்குழந்தை. காற்று அடிக்கும்போதெல்லாம் சேலை முந்தியால் குழந்தையின் இமையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மேலூர் தாண்டியதும் சூறைக்காற்று செம்மண்ணை அள்ளி வீசியது. ரோடு மறைந்து, பஸ் நின்றது. டிரைவர் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு, "கண்ணு போனா என் பொழப்பே போச்சு" என்றார்.

"கசக்காதீங்கண்ணே, வாரேன்" என்றாள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்று, பாலூட்டும் சங்கில் தன் பாலைப் பீய்ச்சி அவர் கண்ணில் விட்டாள். குழந்தை வீறிட்டது.

"பிள்ளை பசியில கத்துதே, தாயி. அம்புட்டையும் அவருக்கே ஊத்திருவ போல" என்றார் ஒரு பெரியவர்.

"பிள்ளை கொஞ்சம் பொறுக்கும். கண்ணு பொறுக்குமா?" என்று மறுபடியும் விட்டாள்.

மண் கரைந்து வழிந்தது. டிரைவர் கண்ணைத் திறந்து கும்பிட்டார். அவள் கவனிக்கவில்லை, குழந்தையை வாங்கிச் சேலைக்குள் அணைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பி வெகுதூரம் போன பிறகும் குழந்தையின் அழுகை ஓயவில்லை. அந்த மெலிந்த உடம்பில் எம்புட்டுப் பால்தான் இருந்ததோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.