மக்டலீன் அக்காவின் ஆடு

கொக்குவில் சந்தையில் மக்டலீன் அக்காவின் ஆட்டைப் பற்றித் தெரியாதவர் இல்லை. பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை.

அக்கா குருநகர்க்காரி. புருசன் செபநாயகம் கடலுக்குப் போன காலத்தில் எங்கள் மரக்கறிக் கடைக்கு வந்தால், கோவா என்கிற முட்டைக்கோசின் வெளியிலையை உரித்துப்போட்ட பிறகுதான் நிறுக்க விடுவாராம். அப்பா சொல்லுவார். தொண்ணூறில் சண்டை திரும்பவும் தொடங்க, கடலில் இறங்கத் தடை வந்தது. வீடும் போய் வலையும் போய், இரண்டுபேரும் கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எட்டாம் வகுப்போடு நான் தப்பியோடிய இடத்துக்கு அவர்கள் தப்பியோடி வந்தார்கள். நிவாரணத்தில் அரிசி, மா, பருப்பு வரும். மரக்கறி வராது.

இப்போது வெளியிலையை உரிக்கச் சொல்பவர்கள் மதில் வீட்டுக்காரர். சந்தை கலையும் நேரம் அக்கா பனையோலைக் கடகத்தோடு வந்து அந்த இலைகளைப் பொறுக்குவார். கேட்டால், ஆட்டுக்கு என்பார்.

எனக்கு வாய் சும்மா கிடவாது. ஆடு பால் கறக்குதோ என்று கேட்டேன்.

"கிடாய் தம்பி. பொழுதுபட்டால் கண் தெரியாது. இலைகுழை குடுக்கட்டாம் எண்டு டொக்டர் சொன்னவர்."

ஆட்டுக்கு எந்த டொக்டர் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து என் கத்திக்கும் கண் தெரியாமல் போனது. வெளியிலையோடு நல்ல இலையும் நாலைந்து விழும். ஒருநாள் பப்பாப்பழம் ஒன்று தானாகக் குப்பைக்குள் உருண்டது.

"பெட்டை ஆட்டுக்கும் ஒரு துண்டு வையுங்கோ அக்கா."

அக்கா பழத்தைக் கடகத்தின் அடியில் வைத்து, மேலே இலைகளைப் போட்டு மூடிக்கொண்டு போனார்.

தொண்ணூற்றுமூன்றில், பொங்கல் முடிந்த கையோடு, அக்கா வராமல் விட்டார். பிறகு ஒரு பின்னேரம் ஒரு மனிதர் தடியூன்றி வந்தார். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பவேண்டும் என்றார். கிடாய் யாரென்று தெரிந்துவிட்டது.

அக்கா செத்துப்போனாராம். வகுப்பறை வாசலில் விழுந்தவர் எழும்பவில்லை. உடம்பில் இரத்தமே இல்லை என்று ஆசுபத்திரியில் சொன்னார்களாம்.

"தம்பி, உம்மட்டை ஒண்டு கேக்கவேணும். மாவிடிச்ச காசிலை கோவா வாங்கிறன் எண்டுவாள். எனக்குச் சட்டியிலை வெளியிலைதான் வரும். நடுக்குருத்து எங்கையெண்டால், அடுப்படியிலையே தான் திண்டிட்டன் எண்டுவாள். அவள் முழுக் கோவாதானே வாங்கினவள்?"

உரித்த இலைகள் என் காலடியில் கிடந்தன. சாக்கை இழுத்து அவற்றை மூடினேன்.

"ஓம் அண்ணை. முழுக் கோவாதான். நல்ல இறுக்கமானதாப் பாத்து எடுப்பா."

"கள்ளி," என்றார் அவர். "அப்ப அவள் திண்டிருக்கிறாள்."

பொழுதுபட முதல் போகவேணும் என்று இன்னொருதரம் சொன்னார். சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.