ஜெயசுதா எழுதிய நாலாயிரம் வரிகள்

அரியலூர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு டைப் அடிக்கும் ஜெயசுதாவை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். பட்டா மாறுதல், முதியோர் பென்சன், ஆண்டிமடத்து முந்திரித் தோப்புத் தகராறு, எதுவானாலும் அவரிடம்தான் வருவார்கள். வந்தவர் அழுதுகொண்டே சொல்வதையெல்லாம் அதிகாரிக்குப் புரிகிறபடி அரைப் பக்கத்தில் அடக்கி, கீழே ‘இப்படிக்கு’ போட்டு அவர்கள் பெயரை அடிப்பார். பதினைந்து வருடமாக இதே பிழைப்பு.

எதிர்ச்சாரியில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். மூன்று மணிக்கு மேல் ஆபீஸ் கூட்டம் கலைந்ததும் அக்கா என் கடைக்கு வந்து உட்காருவார். 2003-இல் அங்கேதான் பிரேம்குமார் வந்து சேர்ந்தான். பெரம்பலூர்க்காரன், காலேஜ் லெக்சரர். பெரம்பலூரில் ரயில் கிடையாதே, சென்னை போக அரியலூருக்குத்தான் வர வேண்டும். ரயில் வரும்வரை என் கடையில் உட்கார்ந்து இன்டர்நெட் பார்ப்பான். பேச்சில் அப்படியொரு சர்க்கரை.

கடிதம் எழுதுகிற ஓர் இலவச மென்பொருளைப் பற்றி அவன் சொன்னான். அதன் உள்வேலை திறந்தே கிடக்கும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சேர்க்கலாம். சம்பளம் கிடையாது. உழைத்தவர் பெயரைப் பட்டியலில் போடுவார்கள், கிடைப்பது அவ்வளவுதான். அதன் திரையில் வரும் ஆங்கில வரிகளைத் தமிழாக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

“ஊரார் பேரெல்லாம் அடிச்சாச்சு. ஒரு எடத்துலயாவது எம்பேரு இருக்கட்டுமே ஜெயசீலா” என்றார் அக்கா என்னிடம்.

இரண்டு வருடம் உழைத்தார். நாலாயிரத்துச் சொச்சம் வரிகள். பிரேம்குமார் மாதிரிக்கு அனுப்பிய தமிழைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ‘நீக்கலை உறுதிப்படுத்துக’ என்று இருந்தது. “இதைப் படிச்சா பென்சன் மனுவுக்கு வர்ற அமாவாசை பெரியப்பா எந்திரிச்சு ஓடிடுவாரு” என்று சொல்லி, ‘இதை அழித்துவிடலாமா?’ என்று மாற்றினார். ஒவ்வொரு வரியையும் மனு கொடுக்க வருகிறவர்களை நினைத்துத்தான் எழுதினார். சில நாள் ஒரே வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டு டீயை ஆறவிட்டுவிடுவார்.

முடித்த ஃபைல்களை பிரேம்குமாருக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். அந்த மென்பொருள் திட்டத்துக்குள் ஏற்றும் அனுமதி தமிழுக்கு அவன் ஒருவனிடம்தான் இருந்தது. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் தமிழாக்கியவர் பெயருக்கு ஓர் இடம் உண்டு.

“அங்க எம்பேரையே போட்டுடுங்கக்கா. அனுமதி உள்ளவங்க பேரு இருந்தாத்தான் சர்வர் ஏத்துக்கும். பட்டியல்ல உங்க பேரு தனியா வரும்” என்றான்.

அக்கா அப்படியே அடித்துக் கொடுத்தார். எழுதுவது தான், கீழே பெயர் வேறொருவருடையது என்பது அவருக்குத் தினசரி வேலை. நானாவது யோசித்திருக்கலாம். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பெரிய மேதாவி, “ஆமாங்க்கா, அப்படித்தான் இருக்கும்” என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

2005-இல் பெரம்பலூரில் வெளியீட்டு விழா. அக்கா கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். நானும் போனேன். மேடையில் பிரேம்குமாருக்குச் சால்வை போர்த்தினார்கள். பெரிய திரையில் பட்டியலைத் திறந்தார்கள். தமிழாக்கம்: பிரேம்குமார். அதற்குக் கீழே வெறும் வெள்ளை. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே எங்காவது தன் பெயர் இருக்குமோ என்று என்னிடம் கேட்டார்.

கூட்டம் முடிந்ததும் அவனிடம் போனோம். “தம்பி, எம்பேரு இல்லீங்களே.”

“ஃபைல்ல இருக்கறதத்தான்க்கா மெஷின் எடுத்துக்கும். அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட போட்டோவுக்குப் போய்விட்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா அழுதார். “எங்கையாலயே அடிச்சுக் குடுத்தேனே ஜெயசீலா. அவன் அக்கான்னு கூப்ட்டானே” என்றார்.

அடுத்த வாரம் என் கடையிலிருந்தே மென்பொருளின் திட்டக் குழுவினர் எல்லோருக்கும் நடந்ததை மெயிலில் எழுதினார். மரியாதையாகத்தான் பதில் வந்தது. எல்லா ஃபைலிலும் பிரேம்குமார் பெயர்தான் உள்ளது, வேறு ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். அனுப்பிய மெயில்களைக் காட்டினோம். அதிலிருந்த ஃபைல்களிலும் அவன் பெயர்தானே இருந்தது! பிரேம்குமாரும் ஒரு பதில் போட்டான். ‘ஜெயசுதா அக்கா அரியலூரில் தட்டச்சு வேலை செய்பவர். நான் தமிழாக்கியதை டைப் அடித்துக் கொடுத்தார். அவருக்கு என்றும் நன்றியுடையவன்.’

அவன் திருடியதைக்கூட விட்டுவிடலாம், அந்த நன்றியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனால் குழுவினருக்கு அது நியாயமாகப் பட்டுவிட்டது. விட்டுப்போனதற்கு மன்னிப்புக் கேட்டு, பத்தே நாளில் பட்டியலைத் திருத்தினார்கள். அக்காவை அழைத்து வந்து காட்டினேன். தமிழாக்கம்: பிரேம்குமார். தட்டச்சு உதவி: ஜெயசுதா.

அக்கா அழவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, குழுவுக்கு இரண்டு வரி அடித்தார். ‘என் பெயரை எடுத்துவிடுங்கள். இப்படிக்கு, ஜெயசுதா.’

இந்த முறை யாரும் ஆதாரம் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.